நாணயச் சேகரிப்பை இணைய ஏலத்தில் விற்ற மூன்று ஆண்டுகள்

மூன்று ஆண்டுகளாக என் நாணயச் சேகரிப்பைச் சிறிது சிறிதாக இணைய ஏலத்தில் விற்று வருகிறேன். நாற்பது ஆண்டுகளில் சேர்ந்ததில் பாதிக்கு மேல் இப்போது வேறு கைகளுக்குப் போய்விட்டது. இதே எண்ணத்தோடு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்குபவர்கள் மதுரைப் பக்கம் பலர் உண்டு என்பதை அறிவேன். எது சரியாக நடந்தது, எங்கே இழந்தேன் என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருந்த வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவை மதுரையின் நகைக்கடை வீதியான தெற்காவணி மூல வீதியின் கடைகளில் வாங்கியவை. உருக்குவதற்காக வந்து கிடந்த ரூபாய்களை, எடைக்கான வெள்ளி விலையும் அதற்கு மேல் கொஞ்சமும் கொடுத்து மீட்டு வந்தேன். என் பிள்ளைகள் இருவருக்கும் இதில் நாட்டமில்லை. எனக்குப் பிறகு அவை மறுபடியும் அதே வீதியில் எடைபோடப்படுவதை நினைக்க மனம் ஒப்பவில்லை. அருமை தெரிந்து கேட்பவரிடம் என் கையாலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நான் விற்கத் தொடங்கிய காரணம்.

முதல் வேலையாக, எதை ஏலத்தில் வைக்கக்கூடாது என்று பிரித்தேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள நாணயமும் தொல்பொருளே. அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அதில் வணிகம் செய்ய உரிமமும் வேண்டும். ஆகவே மீன் பொறித்த பாண்டியர் காசுகள், நாயக்கர் காலச் செப்புக் காசுகள், கம்பெனி காலத்து நாணயங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு ரூபாயையும் அவற்றோடு வைத்தேன். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்ற மனக்குறை எழுந்து, 1912 முதல் திருத்தி அடித்தார்கள்; திருத்தத்துக்கு முந்தைய ரூபாய் அது. அதுவும் நூறாண்டைக் கடந்துவிட்டது. ஏலத்துக்குப் போனவை ஆறாம் ஜார்ஜ் காலத்து நாணயங்களும் சுதந்திர இந்தியாவின் நாணயங்களும் மட்டுமே.

முதன்முதலில் வைத்த 1940ஆம் ஆண்டு ரூபாயை டியூப்லைட் வெளிச்சத்தில் கைப்பேசியால் படமெடுத்து, “பழைய வெள்ளி ரூபாய், நல்ல நிலை” என்று ஒரு வரி எழுதினேன். வெள்ளி விலையைத் தாண்டி மிகச் சிறிய தொகைக்கே போனது. கேட்டவர்கள் மேல் குறையில்லை. அந்தப் படத்தைப் பார்த்து நானே கூட அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டேன். பிறகு முறையை மாற்றினேன். காலை எட்டு மணிக்கு மேல் வடக்கு ஜன்னலோரம், சாம்பல் நிறத் துணியின் மேல், வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து, இரண்டு முகங்களையும் விளிம்பையும் தனித்தனியாக எடுத்தேன். விளிம்பு முக்கியம், 1940 முதல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோது, போலியைத் தடுக்க விளிம்பில் தனியாக ஒரு பள்ளம் வைத்து அடித்தார்கள், அறிந்தவர்கள் முதலில் அதைத்தான் தேடுகிறார்கள். இரண்டு தசமம் காட்டும் சிறிய தராசில் நிறுத்து எடையை எழுதினேன். ரூபாய்க்கு 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்ததில் சற்றுக் குறையும். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதையும் குறிப்பிட்டேன். குடியரசுக் காலத்து நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே பம்பாய்க்கு வைரக் குறியும், ஹைதராபாத்துக்கு நட்சத்திரமும் இருக்கும், கல்கத்தாவுக்குக் குறி இராது. ஒரே ஆண்டின் ஒரே நயாபைசாவுக்கு இந்தக் குறியைப் பொறுத்து விலை மாறுவதைப் பலமுறை பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், குறையை முதல் வரியிலேயே எழுதத் தொடங்கினேன். என் அம்மா ஒரு பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து என் ஓட்டைக் காலணாக்களையும் புளி போட்டுத் துலக்கி, மகன் மகிழ்வான் என்று பளபளவென எடுத்து வைத்திருந்தார். துலக்கிய செம்பு சேகரிப்பவர்கள் கண்ணில் பாதி மதிப்பை இழந்த செம்பு. அதை மறைக்காமல், “வீட்டில் புளியால் துலக்கப்பட்டவை” என்று எழுதியே வைத்தேன். குறைந்த விலைக்குத்தான் போயின, ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வாங்கியவரே அடுத்த மாதம் வேறு இரண்டு லாட்டுகளை (ஒரே ஏலமாகச் சேர்த்து வைத்த தொகுதிகளை) நல்ல விலைக்கு எடுத்தார். மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்து பச்சைப் பிசுக்கு ஏறிய நாணயங்களையும் அப்படித்தான் விற்றேன். இன்னும் அத்தகைய ஆல்பத்தில் வைத்திருப்பவர்கள், விற்காவிட்டாலும் சரி, இன்றைக்கே எடுத்து அட்டை ஹோல்டரில் மாற்றிவிடுங்கள்.

தொடக்க விலையில்தான் அதிகம் இழந்தேன். குறைவாகத் தொடங்கினால் போட்டி கூடும் என்ற பேச்சை நம்பி, 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் வெள்ளி நாணயத்தை மிகத் தாழ்ந்த விலையில் வைத்தேன். அது 15 கிராம், அதில் எண்பது விழுக்காடு வெள்ளி, அதாவது 12 கிராம் வெள்ளி. ஏலம் முடிந்தது மாட்டுப் பொங்கல் இரவு. ஒரே ஒருவர்தான் கேட்டார், உள்ளிருந்த வெள்ளியின் விலைக்கும் கீழே போயிற்று. சொன்ன சொல்லை மாற்ற மனமில்லாமல் அனுப்பினேன். அன்றிலிருந்து வெள்ளி நாணயம் எதையும் அன்றைய வெள்ளி விலைக்குக் கீழே தொடங்குவதில்லை, பண்டிகை நாளில் முடியும்படி வைப்பதுமில்லை.

இதற்கு நேர்மாறாக, நான் சில்லறை என்று நினைத்தது ஆச்சரியப்படுத்தியது. 1968 முதல் 1971 வரை அடித்த தாமரைப் பூ இருபது பைசாக்கள் ஒரு செம்பு நிறையக் கிடந்தன. பத்துப் பத்தாக வைத்தபோது சேகரிப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “அப்பா, இதை அர்ச்சனைக்கு வாங்குகிறார்கள், நூற்றெட்டாகக் கட்டி வையுங்கள்” என்று மகள்தான் சொன்னாள். வரலட்சுமி நோன்புக்கு மூன்று வாரம் முன்பு 108 காசுகளை ஒரே லாட்டாக வைத்தேன். கடைசி ஐந்து நிமிடத்தில் நால்வர் மாறி மாறிக் கேட்டார்கள்.

அரிதான நாணயங்களை மட்டும் பெருநகரத்து ஏல நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தேன். கமிஷன் அதிகம், பணம் கைக்கு வர மாதங்கள் ஆகின்றன. ஆயினும் அங்கே நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் சேகரிப்பின் மணி என்று நான் போற்றிய 1939ஆம் ஆண்டு ரூபாயை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அது எளிதில் கிடைக்கும் 1938ஆம் ஆண்டு ரூபாய், அரிதான 1939ஆகத் தெரியும்படி எட்டை ஒன்பதாகச் செதுக்கியிருந்தார்கள். இரண்டும் ஒரே எடை, ஒரே வெள்ளி என்பதால் தராசு எனக்கு எதையும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சேமிப்பைத் திரட்டி வாங்கியது அது, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இப்போது “ஆண்டு திருத்தப்பட்டது” என்று அட்டையில் எழுதி என்னிடமே வைத்திருக்கிறேன்.

வாங்கியவருடன் தகராறு ஒரே முறை வந்தது. அனுப்பியது வேறு நாணயம் என்றார். திருப்பி அனுப்பச் சொன்னேன். வந்ததின் எடை 11.21 கிராம், நான் அனுப்பியது 11.63. விளிம்பில் ஏழு மணி நிலையில் இருந்த சிறு வெட்டும் அதில் இல்லை. விளிம்புப் படமும் எடைக் குறிப்பும் ஏலப் பக்கத்திலேயே இருந்ததால் தளத்தினர் என் பக்கம் தீர்த்தார்கள். அதற்குப் பின் பொட்டலம் கட்டுவதைத் தொடக்கம் முதல் முத்திரை வரை வீடியோ எடுத்து, அஞ்சலகத்தில் இன்ஷூர் செய்தே அனுப்புகிறேன். கேட்டுவிட்டுப் பணம் கட்டாதவர்கள் சிலர் உண்டு. அடுத்த வாரம் மறுபடியும் வைத்தால் தீர்ந்தது.

அச்சம் தருவது வேறு. விளம்பரத்தில் எண்ணைப் பார்த்து, ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகவும் அதற்கு முன்வரி கட்ட வேண்டும் என்றும் அழைப்பார்கள். இத்தகைய பேரத்துக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண்ணைப் போடத் தேவையே இல்லை. தெரிந்த பெரியவர் ஒருவர் அதை அறியாமல் ஓய்வூதியத்தை இழந்தார்.

ஒதுக்கி வைத்த பாண்டியர், நாயக்கர் காசுகள் இன்னும் மரப்பெட்டியில் இருக்கின்றன. காந்தி அருங்காட்சியக வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்று, நன்கொடையாக ஏற்பார்களா என்று கேட்பதாக இருக்கிறேன். அதற்காக ஒவ்வொன்றையும் நிறுத்து, வடக்கு ஜன்னலோரம் படமெடுத்து, குறைகளோடு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன், அறுபத்திரண்டு முடிந்திருக்கிறது.