பழைய ஐ5 லேப்டாப்ல லினக்ஸ் மின்ட்: ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டின அனுபவம்

என்கிட்ட இருக்கிறது இன்டெல் ஏழாவது ஜெனரேஷன் ஐ5 லேப்டாப். தமிழ் மொழிபெயர்ப்பு, ப்ரூஃப் பாக்குறது, எப்பவாவது சின்ன வீடியோ எடிட்டிங், மத்தபடி நாள் முழுக்க பிரௌசர், இவ்வளவுதான் என் வேலை. விண்டோஸ் 10-ல நல்லாவே ஓடிட்டு இருந்துச்சு, ஆனா 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு சப்போர்ட் முடியுதுன்னு மைக்ரோசாஃப்ட் ரொம்ப முன்னாடியே சொல்லிட்டாங்க, சரி 11-க்குப் போயிடலாம்னு பாத்தா டிபிஎம் 2.0-ங்கிற செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட்லயே இருக்கு. ஒரே ஒரு ஜெனரேஷன் வித்தியாசத்துல நல்லா ஓடுற மிஷின் வெளிய நிக்குது. இதே நிலைமைல நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதனாலதான் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

நான் மாறினது லினக்ஸ் மின்ட் 22-க்கு, விண்டோஸுக்குப் பதிலா போட்டுக்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் அது, திரை அமைப்பு சினமன் டெஸ்க்டாப். 2024 ஜூலைல வந்த வெர்ஷன், உபுண்டுங்கிற இன்னொரு லினக்ஸோட 24.04 வெர்ஷன் மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. மாத்துறதுக்கு முன்னாடியே ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டேன், ரேம் 8 ஜிபியோட இன்னொரு 8 சேர்த்தேன். உண்மைய சொல்லணும்னா வேகத்துல பாதி அந்த எஸ்எஸ்டியோட புண்ணியம், லினக்ஸ் போட்டாலே பழைய மிஷின் பறக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஹார்ட் டிஸ்க்லயே விட்டா மின்டும் திணறத்தான் செய்யும்.

இப்ப முக்கியமான விஷயம், தமிழ் டைப்பிங். விண்டோஸ்ல என்எச்எம் ரைட்டர், இ-கலப்பைன்னு பழகினவங்களுக்கு முதல் பயமே இதுதான். மின்ட்ல ஐபஸ்ங்கிற டைப்பிங் டூலப் போட்டு கூடவே எம்17என் பேக்கேஜ சேர்த்தா தமிழ்99, டைப்ரைட்டர், ஃபோனெட்டிக், இன்ஸ்கிரிப்ட்னு எல்லா கீபோர்டு லேஅவுட்டும் வந்துடும். நான் தமிழ்99 ஆளு, கீ எல்லாம் அதே இடத்துலதான் இருக்கு, அதனால விரலுக்கு ஒண்ணும் புதுசா கத்துக்குடுக்க வேண்டியிருக்கல. வேர்டுக்குப் பதிலா இருக்கிற லிப்ரே ஆபீஸ்ல மட்டும் ஒரு செட்டிங் இருக்கு, தமிழ் அங்க காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் கணக்குல வரும், அதுக்கு தனியா ஃபாண்ட், தனியா சைஸ். அத ஆன் பண்ணி நோட்டோ சான்ஸ் தமிழோ வேற எதுவோ டிஃபால்ட்டா வைக்கலைன்னா இங்கிலீஷ் ஒரு சைஸ்லயும் தமிழ் இன்னொரு சைஸ்லயும் நிக்கும், எங்க தப்புன்னே புரியாது.

அடுத்தது கிளையன்ட் அனுப்புற வேர்டு ஃபைல். பலபேர் இன்னும் லதா ஃபாண்ட்லதான் அனுப்புறாங்க, அது விண்டோஸோட வர்றது, மின்ட்ல கிடையாது. ஃபைல் திறக்கும், எழுத்தும் ஒழுங்கா வரும், ஆனா வேற ஃபாண்ட் அந்த இடத்துல உக்காந்துடுறதால வரியோட நீளம் மாறி, டேபிள் உள்ள இருக்கிறது கீழ இறங்கி, கடைசி பாரா அடுத்த பக்கத்துக்குப் போயிடும். ப்ரூஃப் பாக்குறவங்களுக்கு பக்க எண் மாறினா எவ்வளவு தலைவலின்னு சொல்லவே வேணாம். இப்ப நான் வேர்டு ஃபைலோட பிடிஎஃப்பும் சேத்து அனுப்புங்கன்னு கேட்டு வாங்கிடுறேன், திருத்தம் வேர்டுல, பக்கம் சரிபாக்குறது பிடிஎஃப்ல. இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் உருவத்த வெச்சிருக்கிற பழைய பாமினி ஃபாண்ட்ல ஃபைல் வந்தா இன்னும் மோசம், 'அம்மா'ன்னு இருக்க வேண்டிய இடத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும், ஆனா இது விண்டோஸ்லயும் ஃபாண்ட் இல்லன்னா அப்படித்தான். பாமினி ஃபாண்ட் ஃபைல டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் பண்ணினா போதும், சரியாயிடும். தமிழ் எழுத்துக்குன்னே தனி எண் குடுக்குற யூனிகோடுக்கு தமிழ்நாடு அரசு 2010-லயே ஆணை போட்டாச்சு, இன்னும் பாமினில ஃபைல் வந்துட்டே இருக்கு, எனக்கு அதுல நிஜமாவே வருத்தம், நாளைக்கு அந்த ஃபைல யாரு தேடிப் படிப்பாங்க சொல்லுங்க.

அப்டேட் விஷயத்துல நிம்மதி. 22-ல இருந்து 22.1, 22.2-ன்னு அப்டேட் மேனேஜர்லயே போயிட்டேன், வேலை நடுவுல தானா ரீஸ்டார்ட் ஆகுற கதையே இல்ல. ஒரு தடவை கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) அப்டேட்டுக்கு அப்புறம் வைஃபை வரல, பூட் மெனுல பழைய கெர்னல தேர்ந்தெடுத்து உள்ள போனேன், வேலை நிக்கல, அடுத்த அப்டேட்ல அதுவும் சரியாச்சு. ஏதாவது கெட்டா சிஸ்டத்த பழைய நிலைக்குத் திருப்புற டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட்ட முதல் நாளே ஆன் பண்ணி வெச்சுடுங்க, இத மட்டும் தள்ளிப்போடாதீங்க.

சரிவராத விஷயங்களும் இருக்கு. லேப்டாப்போட ஃபிங்கர்பிரிண்ட் சென்சார் கடைசி வரைக்கும் வேலை செய்யல. பிரிண்டர்ல பிரிண்ட் வருது, ஸ்கேன் மட்டும் வரல, ஃபோன்லயே ஸ்கேன் பண்ணிக்கிறேன். ஓடிடில 4கே எதிர்பாக்காதீங்க. போட்டோ வேலைக்கு கிம்ப், 2025 மார்ச்ல 3.0 வந்தப்புறம் ஃபில்டர எப்ப வேணா திரும்பத் திறந்து மாத்த முடியுது, என் அளவுக்கு அது தாராளம், ஆனா போட்டோஷாப், இன்டிசைன்ல பத்திரிகை பக்கம் கட்டுறவங்க இங்க வர வேணாம்.

எங்க மாமா ஜிஎஸ்டி அக்கவுன்ட்ஸ் பாக்குறவர், என் மிஷின பாத்துட்டு "மாப்ள, என்னோடதுலயும் இத போட்டுக் குடுத்துடு"ன்னார். டாலியும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் வெச்சுதான் அவருக்குப் பொழப்பே, டாலி லினக்ஸ்ல நேரடியா ஓடாது, "உங்களுக்கு இது வேணாம் மாமா"ன்னு சொல்லி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் குடுக்குற எக்ஸ்டெண்டட் அப்டேட்ல சேத்துவிட்டேன். 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும், செட்டிங்ஸ கிளவுட்ல பேக்கப் பண்ணினா காசு கட்டாமலே சேரலாம், இல்லன்னா 30 டாலர். அதுக்குள்ள அவரு புது மிஷின் பாத்துக்கணும்.

புது மிஷின் வாங்குறதுக்கும் இது நல்ல நேரம் இல்லங்கிறதுதான் கடுப்பு. 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தம் எல்லாருக்கும் தெரியும். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணு பேர் கைலதான் இந்த மார்க்கெட்டே இருக்கு, ஏஐ டேட்டா சென்டருக்குப் போற எச்பிஎம்ங்கிற அதிவேக மெமரில லாபம் ஜாஸ்தி, ஃபேக்டரி அந்தப் பக்கம் திரும்பிடுச்சு, நமக்கு வர்றது குறைஞ்சுடுச்சு. மைக்ரான் 2025 டிசம்பர்ல க்ரூஷியல்ங்கிற அவங்க ரேம், எஸ்எஸ்டி பிராண்டையே மூடுறோம்னு சொல்லிட்டாங்க, 29 வருஷமா நம்ம மாதிரி ஆளுங்க கடைல கேட்டு வாங்கின பேரு அது. பழைய ரக ரேமான டிடிஆர்4-ம் தப்பல, கம்பெனிங்க அத குறைச்சுக்கிட்டே வர்றதால பழைய லேப்டாப்புக்கு ரேம் தேடுறவங்களுக்கும் இதே அடிதான். அதனால இருக்கிற மிஷின் நல்லா இருந்தா அத காப்பாத்துறதுலதான் இப்ப அர்த்தம் இருக்கு, எஸ்எஸ்டி மட்டுமாவது போட்டுப் பாருங்க.

மாறணும்னு நினைக்கிறவங்க நேரா இன்ஸ்டால் பண்ணாதீங்க. பென் டிரைவ்ல மின்ட ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம அதுலயே பூட் பண்ணி, உங்க வேலை ஃபைல் நாலஞ்ச திறந்து பாருங்க, பிரிண்டர், வைஃபை, மைக் எல்லாம் செக் பண்ணுங்க, வங்கி சைட் வரைக்கும் போய்ப் பாருங்க. விண்டோஸோட டிஸ்க் பூட்டு பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரிகவரி கீய முதல்ல எழுதி வெச்சுக்கோங்க. தமிழ்லயே படிக்கணும்னா கணியம் இணையதளம் இருக்கு, லினக்ஸ் பத்தி நிறைய கட்டுரை, நேர்ல கேக்கணும்னா விழுப்புரம் ஜிஎல்யூஜி மாதிரி லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு பொறுமையா சொல்லித் தருவாங்க.

என் மிஷின்ல இப்போதைக்கு பாக்கி பேட்டரி மட்டும்தான், சார்ஜ் நிக்குற நேரம் குறைஞ்சுட்டே வருது, இந்த மாடலுக்கு இன்னும் கிடைக்குதாம், அடுத்த மாசம் மாத்தணும்.