எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ், டாங்கிள் கன்ட்ரோலர்: மூன்று திரை உள்ள வீட்டுக்கு எது?

கேம் கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "கைக்கு எது நல்லா இருக்கும்?" என்றுதான். இங்கே பேசப்போகும் மூன்றும் கைக்கு நன்றாகவே இருக்கும், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ராத்திரி ஹால் டிவியில் ஆடிய கன்ட்ரோலரை மறுநாள் காலை லேப்டாப்பில் சேர்க்க எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டால்தான் மூன்றும் மூன்று திசையில் பிரியும். வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. வாங்கிய இரண்டாம் வாரம் எல்லோரும் இதைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதலாவது, 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர். பேட்டரி மூடியைக் கழற்றினால் உள்ளே 1914 என்று மாடல் எண் இருக்கும். இரண்டாவது, பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ். மூன்றாவது, டாங்கிளோடு, அதாவது யுஎஸ்பி துளையில் குத்தும் சின்ன ரிசீவரோடு வரும் ட்ரை-மோட் வகை. எய்ட்பிட்டூ, கேம்சர், காஸ்மிக் பைட் போன்றவர்கள் விற்பது, ப்ளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள், கேபிள் என்று மூன்று வழியிலும் சேரும்.

வீட்டில் பிஎஸ்5 இருந்தால் இந்த அலசலே வேண்டாம், டூயல்சென்ஸ் பெட்டியோடு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. கன்சோல் இல்லாமல் லேப்டாப், ஆண்ட்ராய்டு டிவி, போன் மூன்றிலும் ஆடுபவர்களுக்கு என் ஓட்டு டாங்கிள் வகைக்கு. ஐபோன் மட்டும்தான் என்றால் அந்த ஓட்டு மாறும், அது கீழே.

எது எதை ஞாபகம் வைத்திருக்கிறது

ப்ளூடூத் கன்ட்ரோலர் ஒரு சாதனத்தோடு சேரும்போது அதன் முகவரியையும் ஒரு ரகசியச் சாவியையும் தனக்குள் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை நடுப் பட்டனை அழுத்தினால் அந்த ஒரு முகவரியைத்தான் கூப்பிடும். பல கன்ட்ரோலர்களில் இதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. போனோடு புதிதாகச் சேர்த்தால் லேப்டாப்பின் முகவரி அழிந்து அந்த இடத்தில் போன் உட்கார்ந்துவிடும்.

தலைவலி லேப்டாப் பக்கம். கன்ட்ரோலர் தன்னை மறந்துவிட்டது என்று விண்டோஸுக்குத் தெரியாது. பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும், கீழே 'பேர்டு' என்றும் போட்டிருக்கும். எத்தனை முறை க்ளிக் செய்தாலும் சேராது. கன்ட்ரோலர் போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் கணிசமானவர்களின் 'ரிப்பேர்' இதுதான்.

சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் லேப்டாப்பின் ப்ளூடூத் பட்டியலில் அந்தப் பெயரை 'ரிமூவ் டிவைஸ்' கொடுத்து நீக்குங்கள். அடுத்து போனில் ப்ளூடூத்தை அணையுங்கள். அணைக்காவிட்டால் கன்ட்ரோலர் உயிர் வந்ததும் போனுக்கே ஓடிவிடும். அதன் பிறகே கன்ட்ரோலரைப் பேரிங் நிலைக்கு, அதாவது புதிதாகச் சேரத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து, லேப்டாப்பில் 'ஆட் டிவைஸ்' போய்ச் சேருங்கள்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இதில் கொஞ்சம் புத்திசாலி. கன்சோலோடு பேசும் சொந்த ரேடியோவுக்கு ஓர் இடம், ப்ளூடூத்துக்கு ஓர் இடம் என்று இரண்டு வைத்திருக்கிறது. மேல் விளிம்பில் உள்ள குட்டி பேரிங் பட்டனை 3 நொடி பிடித்தால் நடு லோகோ வேகமாகச் சிமிட்டும், புதிதாகச் சேர்க்கலாம். அதே பட்டனை இரண்டு முறை டக்டக்கென்று தட்டினால் இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போகும். லேப்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட்டின் வயர்லெஸ் அடாப்டர், போனுக்கு ப்ளூடூத் என்று வைத்துக்கொண்டால் சுகமாக ஓடும். ஆனால் அந்த அடாப்டரைத் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டிவியில் குத்தினால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. மூன்றாவது திரை வந்தால் ப்ளூடூத் இடத்துக்குச் சண்டை ஆரம்பம்.

டூயல்சென்ஸ் பல வருடம் ஓரிட ஞாபகத்தோடுதான் இருந்தது. 2025இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு நான்கு சாதனங்களை வைத்துக்கொள்கிறது. பிஎஸ் பட்டனோடு முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் இவற்றில் ஒன்றைச் சேர்த்துப் பிடித்தால் ஒவ்வொன்றும் ஓர் அறை. நல்ல ஏற்பாடு. அந்த அப்டேட்டை ஏற்ற பிஎஸ்5 வேண்டும், அல்லது விண்டோஸில் சோனியின் ஆக்சஸரீஸ் ஆப்பை நிறுவிக் கேபிளில் செருக வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதல் வேலை அதுதான். பழைய முறையில் சேர்க்க, கன்ட்ரோலரை முழுக்க அணைத்துவிட்டு கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். டச்பேடைச் சுற்றியுள்ள விளக்கு நீலமாகச் சிமிட்டும். என்ன செய்தாலும் சிமிட்டவில்லை என்றால் பின்பக்கம் சோனி பெயருக்கு அருகே ஊசித்துளை இருக்கும். சிம் ஊசியால் 5 நொடி அழுத்துங்கள், பழைய கணக்கெல்லாம் தீர்ந்துவிடும்.

டாங்கிள் வகையில் இந்தக் கதையே கிடையாது. கன்ட்ரோலரும் டாங்கிளும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்ந்து வருகின்றன. டாங்கிள் எந்தத் துளையில் உட்கார்ந்தாலும் அந்தச் சாதனத்திடம் "நான் கேபிளில் செருகிய எக்ஸ்பாக்ஸ் பேட்" என்று சொல்லிவிடும். விண்டோஸ் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு டிவிகளும் அப்படியே. அந்தப் பக்கம் ப்ளூடூத் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டிவியிலிருந்து பிடுங்கி லேப்டாப்பில் குத்தினால் வேலை முடிந்தது. நீக்குவது, மறப்பது, மறுபடி சேர்ப்பது எதுவும் இல்லை. என் சாய்வுக்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

டாங்கிள் எங்கே சறுக்கும்

டிவியின் முதுகில் டாங்கிளைக் குத்திவிட்டு எதிரே சோபாவில் உட்கார்ந்தால், இரண்டுக்கும் நடுவே டிவியின் உலோகத் தகடு முழுவதும் நிற்கிறது. ஓடும் பாத்திரம் திடீரென்று நிற்பதும், விட்ட பட்டன் அழுத்தியபடியே இருப்பதும் இதனால்தான். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை டிவிக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள். பாதிப் புகார் அதிலேயே போய்விடும்.

லேப்டாப்பில் எதிரி வேறு. நீல நாக்கு உள்ள யுஎஸ்பி 3.0 துளையில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் 2012லேயே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. டாங்கிளை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், கறுப்பு நாக்கு உள்ள 2.0 துளை இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தது வைஃபை. சென்னையில் பெரம்பூரோ வேளச்சேரியோ, நாலு மாடி ஃபிளாட்டில் ஒரு ஹாலில் நின்று பார்த்தால் பத்துப் பதினைந்து ரவுட்டர் பெயர் வரும், பலதும் 2.4 பட்டையில்தான் கத்திக்கொண்டிருக்கும். டிவியையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ப்ளூடூத்தும் அதே 2.4 பட்டையில்தான் ஓடுகிறது, எனவே இது மற்ற இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் பொருந்தும். டிவி பெட்டியில் பெரும்பாலும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. 2.4இல் ஸ்ட்ரீமிங், கூடவே ப்ளூடூத் கன்ட்ரோலர், அதற்கும் மேல் ப்ளூடூத் ஹெட்செட் என்றால் பாவம், அது என்னதான் செய்யும்.

போனில் ஓடிஜி (சார்ஜ் துளையில் யுஎஸ்பி சாதனத்தைச் செருகும் வசதி) வழியாக டாங்கிள் ஓடும், ஆனால் சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் அந்த ஓடிஜி தானே அணைந்துவிடும். போனுக்கு இதே கன்ட்ரோலரின் ப்ளூடூத்தைப் பயன்படுத்துவதே மேல். அங்கேதான் மோட் குழப்பம், அதாவது கன்ட்ரோலர் எந்தக் கம்பெனி வேஷம் போடுகிறது என்ற குழப்பம் வருகிறது. மோட் மாற்ற ஹோம் பட்டனோடு ஏ, எக்ஸ், ஒய் என்று கம்பெனிக்கு ஒரு பட்டன் கூட்டணி. கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த மோடில் இருக்கிறது என்று போன் பட்டியலில் வரும் பெயரே காட்டிக்கொடுக்கும். 'ப்ரோ கன்ட்ரோலர்' என்று வந்தால் நின்டெண்டோ ஸ்விட்ச் வேஷம். 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று மொட்டையாக வந்தால் பிளேஸ்டேஷன் வேஷம். 'எக்ஸ்பாக்ஸ்' என்று தொடங்கினால் எக்ஸ்பாக்ஸ் வேஷம். ஏ அழுத்தினால் பி வேலை செய்கிறது என்றால் பெரும்பாலும் ஸ்விட்ச் மோடில் ஏறியிருக்கிறது.

ஐபோன்காரர்களுக்கு இது சரிப்படாது. டாங்கிளை நம்ப முடியாது. ப்ளூடூத்திலும் பெட்டியின் மேல் ஐஓஎஸ் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய வாங்க வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் 1914, டூயல்சென்ஸ் இரண்டையும் ஐஓஎஸ் 14.5 முதல் ஆப்பிளே ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவற்றில் ஒன்றை எடுங்கள். அப்புறம் ஒரு நிஜமான பயம்: டாங்கிள் தொலைந்தால் பாதிக் கன்ட்ரோலர் போனது மாதிரி. வாங்குமுன் அந்தக் கம்பெனி டாங்கிளைத் தனியாக விற்கிறதா என்று பாருங்கள்.

செல், ஸ்டிக், சென்னை ஈரம்

எக்ஸ்பாக்ஸ் இரண்டு ஏஏ செல்லில் ஓடுகிறது. குறை சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது பலமாகத்தான் படுகிறது. செல் தேய்ந்தால் செல்லை மாற்றுவோம், கன்ட்ரோலரைப் பிரிக்க வேண்டாம். பெட்டிக்கடையில் ரிமோட்டுக்கு விற்கும் சாதா ஜிங்க் செல் மட்டும் வேண்டாம், வைப்ரேஷன் வந்ததும் மூச்சு வாங்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் நாலு வாங்கி இரண்டிரண்டாகச் சுழற்றுங்கள். அவை 1.2 வோல்ட் என்பதால் பேட்டரி அளவு கொஞ்சம் குறைத்தே காட்டும், பயப்பட வேண்டாம். பரீட்சை மாதத்தில் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். மழைக்கால ஈரத்தில் ஒழுகிய செல் ஸ்பிரிங்கைப் பச்சைப் பாசியாக்கிவிடும்.

டூயல்சென்ஸில் 1560 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. டாங்கிள் வகையிலும் உள் பேட்டரிதான். கத்திரி வெயிலில் ஜன்னலோர மேசையில் நாள் முழுக்க சார்ஜில் போட்டு வைப்பது அதை வேகமாகக் கிழவனாக்கும்.

ஸ்டிக் தானாக நகரும் டிரிஃப்ட் நோய்க்கு எக்ஸ்பாக்ஸும் டூயல்சென்ஸும் இரண்டுமே ஆளாகும். இரண்டிலும் கார்பன் தடத்தின் மேல் உலோகக் கை உரசும் பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான்; உரச உரசத் தடம் தேயும். மாற்ற வேண்டுமானால் ஒரு ஸ்டிக்குக்கு 14 கால்களை சால்டர் எடுத்துப் பிடுங்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் செய்து தரும் கைகள் உண்டு, ஆனால் போர்டு தடம் பெயர்ந்தால் நஷ்டம் நமக்கு. எய்ட்பிட்டூ, கேம்சரின் பல மாடல்களில் காந்தத்தை உணரும் ஹால் ஸ்டிக் இருக்கிறது. அதில் உரசல் இல்லை, அந்தத் தேய்மானமும் இல்லை. ஆனால் இவை பரவலாகி சில வருடம்தான் ஆகிறது. பத்து வருடம் தாங்கும் என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன். ஸ்பிரிங்கும் பட்டன் ரப்பரும் முதலில் போகலாம்.

கைப்பிடியில் வெல்வெட் மாதிரி மென்பூச்சு பூசிய மலிவு மாடல்களைத் தவிருங்கள். நம்மூர் ஈரத்தில் அந்தப் பூச்சு இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுவென்று கையோடு வரும். வெறும் பிளாஸ்டிக்கில் சொரசொரப்பு வைத்ததே நல்லது.

சேர்ந்துவிட்டது, ஆனால் கேமில் அசையவில்லை

விண்டோஸில் முதலில் விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, ஆங்கில எழுத்தில் ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று அடியுங்கள். வரும் பெட்டியில் கன்ட்ரோலரைத் திறந்து, அழுத்தும் பட்டனுக்கு ஏற்ப விளக்கு எரிந்தால் கன்ட்ரோலரில் பழுதில்லை, கேம் பக்கம் பாருங்கள். டூயல்சென்ஸ் இங்கேதான் நேரத்தைத் தின்னும். பல கேம்கள் எக்ஸ்பாக்ஸ் பாஷை மட்டுமே பேசும், நடுவில் கேம் விற்கும் ஸ்டீம் ஆப்போ டிஎஸ்4விண்டோஸ் என்ற ஆப்போ மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் மெனுவில் ஒரு தட்டுக்கு இரண்டு படி தாவும், ஒன்றை மூடுங்கள். அதன் ட்ரிகர் இறுக்கமும் நுண்ணதிர்வும் கணினியில் சில கேம்களில் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் கேபிளில். வயர்லெஸுக்கென்றே வாங்குகிறவர் அந்த வசதிக்குக் கூடுதல் காசு கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

மேசைக் கணினியில் ப்ளூடூத் இரண்டு அடிக்கு மேல் எட்டவில்லையா? கேபினட்டின் பின்னால் வைஃபை ஆன்டெனா திருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டு பெட்டியிலேயே கவர் பிரிக்காமல் கிடக்கும். ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான்.

போனில் மெனு நகர்ந்து கேம் நகரவில்லை என்றால் அந்த கேமுக்குக் கன்ட்ரோலர் ஆதரவு இல்லை என்று பொருள். கால் ஆஃப் டியூட்டி மொபைலில் உண்டு. தொடுதிரைக்கென்றே செய்த கேம்களில் கன்ட்ரோலர் பெரும்பாலும் உதவாது.

டாங்கிள் வகையை நேரில் வாங்கினால், சீல் பிரித்ததும் கடை லேப்டாப்பிலேயே குத்தி ஜாய்.சிபிஎல் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் ஓரம் வரை நாலு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். சிலுவைக்குறி நடுவில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். பிறகு டாங்கிளை அங்கேயே விட்டுவிட்டு பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். உடம்பைத் தாண்டி சிக்னல் போகிறதா என்று கடைக்காரரையே திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.