நெளிந்த பெற்றோல் டாங்கி: இழுப்பதா, பூசுவதா, வெட்டுவதா, மாற்றுவதா?

மட்டக்களப்புப் பக்கம் ஒரு பைக் டாங்கி நெளிவதற்குப் பெரிய விபத்துத் தேவையில்லை. தென்னைக்குக் கீழே நிறுத்தினால் ஒரு தேங்காய் போதும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் கிறவல் றோட்டில் மெதுவாகச் சறுக்கினாலே ஹேண்டில் முழுக்கத் திரும்பி டாங்கியின் தோளில் குத்திவிடும். இரவில் றோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கு விலத்தப் போய் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

மறுநாள் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். கட்டலோய் என்ற பொலியெஸ்டர் நிரப்புப் பசையைப் பூசி பெயின்ட் அடி என்பார் ஒருவர். கொழும்புக்குச் சொல்லிப் பழைய டாங்கி எடு என்பார் இன்னொருவர். அடியை வெட்டித் தட்டி ஒட்டலாம் என்பவரும் இருக்கிறார், கொம்பிரசரால் காற்று அடித்தால் தானாக வெளியே வரும் என்பவரும் இருக்கிறார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் எல்லோரும் இருக்கிற பைக்கை வைத்தே சமாளித்தோம். அதனால் இங்கே ஓடும் பைக்குகளில் பாதிக்கு மேல் வயசானவை போலத்தான் எனக்குத் தெரிகிறது. அவற்றின் டாங்கியை எப்படித் திருத்துகிறோம் என்பது இன்னும் எத்தனை வருசம் அவை ஓடும் என்பதையும் தீர்மானிக்கும்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். தகட்டை முடிந்த அளவு பழைய இடத்துக்கு இழுத்துக் கொண்டுவந்து, மிச்சம் இருக்கும் சின்னப் பள்ளத்தை மட்டும் நிரப்புவதுதான் இந்த ஊருக்குப் பொருத்தமான வழி. மற்ற வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஒன்றுக்கு மட்டும் இடமே இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது

நெளிவு வட்டமாக, விளிம்பு மெதுவாக இறங்குகிறதா, அல்லது மடிப்பு விழுந்திருக்கிறதா? மடிப்பு விழுந்த இடத்தில் தகடு இறுகிப் போயிருக்கும். இலகுவில் திரும்பி வராது. பெயின்ட் உடைந்திருக்கிறதா? நெளிவு கீழ் ஒட்டு விளிம்பைத் தொடுகிறதா? தொட்டால் கசிவும் வரலாம். பிறகு மூடியைத் திறந்து உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் துரு படிந்திருந்தால் வெளிநெளிவுக்குச் செலவழிப்பது வீண். அந்த டாங்கிக்கு முதலில் துரு வேலை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஹேண்டில் பட்டுத்தான் நெளிந்தது என்றால், கழுத்தடியில் ஹேண்டிலைத் தடுக்கும் ஸ்டொப்பர் உடைந்திருக்கலாம், அல்லது போர்க் வளைந்திருக்கலாம். அதைத் திருத்தாமல் டாங்கியைத் திருத்தினால் புதுப் பெயின்ட்டிலேயே மறுகா அதே இடத்தில் குத்தும்.

பசை வைத்து இழுப்பதும் கம்பியால் தள்ளுவதும்

பெயின்ட்டைத் தொடாமல் செய்யும் வேலைகள் இரண்டு. ஒன்று, சூட்டுப் பசையால் பிளாஸ்டிக் குமிழை நெளிவில் ஒட்டி வெளியே இழுப்பது. மற்றது, டாங்கி வாயால் வளைந்த கம்பியை விட்டு உள்ளிருந்து தள்ளுவது.

கார்க் கதவுக்கு இவை இரண்டும் அற்புதமாக வேலை செய்யும். பைக் டாங்கி அப்படியில்லை. அதன் அடியில் பைக்கின் முதுகெலும்புக் குழாய்க்காக ஒரு குகை இருக்கிறது. ஆகவே வாயால் விடும் கம்பி மேல்பக்கத்தைத்தான் எட்டும், பக்கவாட்டில் அடி பட்டால் எட்டாது. பெற்றோல் பம்ப் டாங்கிக்குள் இருக்கும் இன்ஜெக்‌ஷன் பைக்காக இருந்தால் அடியில் பெரிய துவாரம் இருக்கும். பம்பைக் கழற்றினால் கம்பிக்கு நல்ல வழி கிடைக்கும்.

பசை முறைக்கு ஆழமில்லாத, மடிப்பில்லாத நெளிவும் கம்பனிப் பெயின்ட்டும் வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை பெயின்ட் அடித்த டாங்கியில் இழுத்தால் தகடு வராது, பெயின்ட்தான் உரிந்து வரும். இந்த வேலையைப் பழகிய கை கிடைத்தால் முதலில் இதைத்தான் முயல வேண்டும். ஸ்டிக்கர், நிறம், பளபளப்பு எல்லாம் அப்படியே தங்கும். பொருள் செலவும் குறைவு.

கட்டலோய் மட்டும் பூசுவது

ஊரில் அதிகம் நடப்பது இதுதான். மலிவு, விரைவு, அடுத்த நாளே பைக் கையில். கட்டலோயைக் கெட்ட பொருள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கெட்டது, அதைப் பூசும் விதம்.

கட்டலோய்ப் பூச்சு முடிவில் 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு உள்ளே நிற்க வேண்டும். ஒரு விரல் ஆழமான பள்ளத்தை இழுக்காமலே நிரப்பினால் என்ன நடக்கும்? டாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் சூடும் பங்குனி வெயிலும் சேர்ந்து தகட்டை விரிக்கும், இரவில் சுருக்கும். அதோடு நாள் முழுக்க அதிர்வு. தடித்த பூச்சு இந்த அசைவோடு போக முடியாமல் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விடும். அந்த வெடிப்பால் வாவிக் காற்றின் ஈரமும் கடல் உப்பும் உள்ளே போகும். கட்டலோய் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பூச்சுக்குக் கீழே துரு பிடித்து, ஒரு நாள் முழுத்துண்டாகக் கழன்று விழும்.

பழைய பெயின்ட்டுக்கு மேலே பூசுவதும் பிழை. நெளிவைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, 80 நம்பர் சான்ட் பேப்பரால் கீறல் போட்ட வெறும் தகட்டில்தான் அது பிடிக்கும். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் நிறையில் 2 சதவீதம் அளவு. அதாவது 100 கிராமுக்கு 2 கிராம். விரைவாகக் காயட்டும் என்று கூடப் போட்டால், மிஞ்சும் ஹார்ட்னர் மேல் பெயின்ட்டில் கறையாக ஊறி வரும். நம்முடைய வெயிலுக்குக் கட்டலோய் தானாகவே விரைவாக இறுகும், அவசரம் தேவையில்லை. தேய்ப்பதும் உலர்வாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் போட்டுத் தேய்த்தால் அந்தத் தண்ணீரைக் கட்டலோய் குடித்துவிடும், அதற்கு மேல் பெயின்ட் அடித்தால் கொப்புளம் வரும். தண்ணீர்ச் சான்ட் பேப்பரை பிரைமருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இழுத்து நிரப்புவது

நெளிவில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் சின்னச் சின்னக் கம்பிகளை ஸ்பொட் வெல்டால் பிடிக்க வைத்து, சறுக்குச் சுத்தியலால் இழுப்பார்கள். கார் டிங்கர் வேலை செய்யும் கராஜ்களில் இந்தச் சாமான் இருக்கும். கல்முனைப் பக்கமும் மட்டக்களப்பு நகரத்திலும் தேடினால் கிடைக்கும்.

நல்ல டிங்கர் பாஸ் (வேலைக்காரர்) ஒருவர் நடுவில் பிடித்து ஒரே இழுவையாக இழுக்க மாட்டார். அடி பட்டபோது நடுப்பகுதி உள்ளே போனது, சுற்றியிருந்த விளிம்பு மேலே எழும்பியது. அந்த எழும்பிய விளிம்பை மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கிக்கொண்டே, ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வர வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு விரல் பள்ளம் ஒன்றிரண்டு மில்லிமீற்றராகக் குறையும். மிச்சத்துக்குத்தான் கட்டலோய். மெல்லியதாகப் பூசினால் வருசக்கணக்கில் நிற்கும்.

இதற்கும் குறை உண்டு. டாங்கித் தகடு ஒரு மில்லிமீற்றர் அளவுதான் தடிப்பு. வெல்ட் பிடிக்கும் புள்ளிகளுக்கு நேர் உள்பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புப் பூச்சு கருகிவிடும், பிறகு அங்கே துரு தொடங்கலாம். டாங்கியைப் பாதி வெறுமையாக வைத்து நாட்கணக்கில் நிறுத்தாதீர்கள். வெறும் இடத்தில்தான் ஈரக்காற்று வியர்த்து நிற்கும். இன்னொன்று, ஸ்பொட் வெல்டும் நெருப்புப் பொறிதான். "பெற்றோலை எடுத்துட்டன்" என்பது மட்டும் போதாது. அது ஏன் என்பது அடுத்த பகுதியில்.

வெட்டித் தட்டி ஒட்டுவது

டாங்கியின் அடித்தகட்டில் ஜன்னல் போல வெட்டி, உள்ளே கை விட்டு, சுத்தியலும் எதிர்க்கட்டையும் வைத்துத் தட்டி நேராக்கி, வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டுவது. மடிப்பு விழுந்த, பக்கவாட்டில் ஆழமாகக் குத்துப்பட்ட டாங்கிக்கு இதைப்போல் முழுமையான முறை வேறில்லை. தகடு தன் வடிவத்துக்கே வரும், கட்டலோய் பெயருக்குத்தான் தேவைப்படும்.

ஆனால் உயிர் போகும் வேலையும் இதுதான். பெற்றோல் நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கி ஆபத்தானது. காற்றில் பெற்றோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்போதுதான் அது வெடிக்கும். நிறைந்த டாங்கிக்குள் ஆவி அந்த அளவைத் தாண்டியே இருக்கும், காலி டாங்கிக்குள்தான் அந்த இடைவெளிக்கு வந்து நிற்கும். 12 லீற்றர் டாங்கியில் 1.4 சதவீதத்தை எட்டுவதற்கு ஒரு மில்லிலீற்றர் அளவு பெற்றோல் ஆவியானாலே போதும். ஒட்டு மடிப்புக்குள்ளும் துருச் செதிலுக்குள்ளும் அதைவிடக் கூடவே ஒளிந்திருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நாலு மடங்கு பாரம். அதனால் மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்தாலும் அடியிலேயே தங்கும். "மணக்கல்ல, அடிக்கலாம்" என்று மூக்கை நம்பிப் பற்றவைத்த இடத்தில்தான் முகம் கருகுகிறது.

சரியான ஒழுங்கு இது. பெற்றோலை வடித்து, டாங்கியைக் கழற்றி, டப் (பெற்றோலைத் திறந்து மூடும் குழாய்), மிதவை, பம்ப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சவர்க்காரத் தூளும் சூட்டுத் தண்ணீரும் விட்டுக் குலுக்கிப் பலமுறை கழுவ வேண்டும். வேலை செய்யும் இடம் மட்டும் வெளியே இருக்கும்படி மற்றப் பகுதியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். அடியை வெட்டுவதென்றால் டாங்கியைக் கவிழ்த்து வாயை அடைக்க வேண்டிவரும், அப்போதும் டப் துவாரம் திறந்தே இருக்க வேண்டும். நிரப்ப முடியாத இடத்துக்கு ஆர்கன் அல்லது காபனீரொட்சைட்டு வாயுவை உள்ளே விட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டும். முழுக்க மூடிய டாங்கியைச் சூடாக்கவே கூடாது. வெட்டுவது கையரத்தாலோ தகட்டுக் கத்திரியாலோ இருக்கட்டும், கிரைண்டர் வேண்டாம். ஒட்டுவதற்கு ஆர்கன் வெல்டிங் நல்லது. மெல்லிய தகட்டில் சாதாரண ஆர்க் வெல்டிங் ஓட்டை போடும்.

கராஜில் கழுவுவதைப் பற்றிக் கேளுங்கள். "இதெல்லாம் தேவல்ல தம்பி, நாங்க எத்தின அடிச்சிருக்கம்" என்று பதில் வந்தால் டாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த பாஸின் உயிருக்காகவும்தான் சொல்கிறேன். வெட்டு வேலை பழைய ஹொண்டா சிடி 200 போல, மாற்று டாங்கி கிடைக்காத, வைத்திருப்பவர் விட மனமில்லாத பைக்குக்கு மட்டும் பொருந்தும்.

ஈயம் வைத்து நிரப்பும் பழைய கைவேலையும் இந்த வகையில்தான் வரும். ஈயமும் வெள்ளீயமும் கலந்தது 183 பாகையில் உருகத் தொடங்கும். தகட்டோடு உலோகமாகவே ஒட்டிக்கொள்ளும், ஊசித் துவாரத்தையும் அடைக்கும், கட்டலோய் போல ஈரம் குடிக்காது. ஆனால் விளக்கு நெருப்பு வேண்டும், ஆகவே மேலே சொன்ன கழுவல் முழுவதும் வேண்டும். ஈயம் பிடிக்கப் பூசும் அமிலத்தை அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவாவிட்டால் பெயின்ட் கொப்புளிக்கும். ஈயத்தூள் நஞ்சு என்பதால் மெஷினால் தேய்க்காமல் அரத்தால்தான் ராவ வேண்டும்.

காற்று அடிப்பது

இதற்குத்தான் இடமே இல்லை என்றேன். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ என்ற சின்ன அழுத்தமே, 20க்கு 30 சென்ரிமீற்றர் தகட்டில் 600 கிலோ தள்ளாக மாறும். நெளிந்து இறுகிய இடம் அசையாது. தட்டையான அடிப்பக்கமும் குகையும்தான் ஊதும். பிறகு டாங்கி பைக்கில் உட்காராது, அல்லது ஒட்டு பிளக்கும்.

மாற்று டாங்கி

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும் பழைய டாங்கி நல்ல தெரிவுதான், கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால். ஒரு சின்னக் காந்தத்தை அதன் மேல் நகர்த்துங்கள். கட்டலோய் தடித்த இடத்தில் காந்தம் பிடி விடும். வேறொருவருடைய நெளிவைக் காசு கொடுத்து வாங்காமல் இருக்க இது போதும். உள்ளே துரு, அடியில் ஒட்டு, டப் துவாரத்தின் மரை எல்லாம் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வரும் பைக்கிலேயே காபரேட்டர் வகைக்கும் இன்ஜெக்‌ஷன் வகைக்கும் அடிப்பகுதி வேறு. மூடிப் பூட்டும் உங்கள் சாவிக்குத் திறக்காது, பழைய பூட்டைக் கழற்றி வையுங்கள்.

ஏஜென்ட்டிடம் புது டாங்கி எடுத்தால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை, விலைதான் தலையிடி. முழுக் காப்புறுதி இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் டாங்கிக்கு உதவாது. நிறம் வேறானால், பதிவுப் புத்தகத்தில் இருக்கும் நிறத்துக்கே அடித்துக்கொள்வது நல்லது.

பெயின்ட்டும் காலமும்

எந்த வழியானாலும் பெயின்ட்டுக்கு முன்பே கசிவு பார்க்க வேண்டும். துவாரங்களை அடைத்து, வாயால் ஊதும் அளவுக்கு மட்டும் காற்றுக் கொடுத்து, ஒட்டில் சவர்க்கார நுரை பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மேல் பூச்சு ஹார்ட்னர் கலக்கும் இரண்டு கூட்டுக் கிளியராக இருக்க வேண்டும். ஸ்ப்ரே டின்னும் சாதாரண லக்கரும் மூடியடியில் சிந்தும் பெற்றோலில் கரைந்து வடியும். கார்த்திகை, மார்கழி மாரியில் லக்கர் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் அடித்தால் தூசி ஒட்டும். மாசி, பங்குனி நல்ல காலம்.

கடைசி வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. உள்ளங்கை அளவில் ஒரு சென்ரிமீற்றர் ஆழமான நெளிவு டாங்கியின் கொள்ளளவில் 25 மில்லிலீற்றர் அளவுதான் எடுக்கும். வயலுக்கும் கடைக்கும் ஓடும் சிடி 100க்கு, பெயின்ட் உடையாமல், ஒட்டைத் தொடாமல் இருக்கும் நெளிவை அப்படியே விடுவது எனக்குச் சம்மதம். பெயின்ட் உடைந்திருந்தால் அன்றைக்கே அந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, கொஞ்சம் பிரைமரும் கிளியரும் தொட்டு வையுங்கள். கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடற்கரைப் பக்கம் நிறுத்தும் பைக்கில் வெறும் தகடு ஒரு கிழமைக்குள் சிவந்துவிடும்.