சென்னை நாராயண முதலி தெரு மணிக் கடை: வீட்டில் மாலை கோர்ப்பவர்கள் ஒருமுறையாவது போய் வாருங்கள்

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆன்லைனில் ஒரு மணி கோர்க்கும் கிட் வாங்கினேன். மணிகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன, ஆனால் கூடவே வந்த நைலான் நூலில் கோர்த்த மாலை, அக்கா மகளின் வளைகாப்பில் பந்தி நடக்கும்போது என் கழுத்திலேயே அறுந்து மணியெல்லாம் இலைக்கு அடியில் உருண்டுவிட்டது. பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அன்றைக்கு எவ்வளவு வருத்தப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் மூன்று ராத்திரி உட்கார்ந்து கோர்த்தது அது.

அப்புறம்தான் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, ஹைகோர்ட்டில் இறங்கி, என்.எஸ்.சி. போஸ் ரோடு நெரிசலில் நடந்து நாராயண முதலி தெருவுக்குப் போனேன். நான் போனது ஒரு குறுகலான கடை, இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது, ஆனால் சுவர் முழுக்க ஆணியில் சரம் சரமாக கிரிஸ்டல் மணி (கண்ணாடி மணிதான்) தொங்கும். அறுந்துபோன மாலையில் மிச்சம் இருந்ததைக் காட்டினேன். கடைக்கார அண்ணன் ஒரு மணியை எடுத்துத் துளை விளிம்பில் என் நகத்தை வைத்துத் தடவச் சொன்னார். பிளேடு மாதிரி சுரண்டியது. "நூல்ல கோக்காதம்மா, உள்ளேயே அறுத்துடும், கியர் வயர் போடு" என்றார். அதிக விலைக்கு விற்கப் பார்க்கிறாரோ என்று முதலில் நினைத்தேன், ஆனால் அவர் சொன்னது முழுக்க உண்மை. கியர் வயர் என்பது மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கி மேலே பிளாஸ்டிக் பூசியது. கண்ணாடி விளிம்பு அதை அவ்வளவு சீக்கிரம் அறுக்காது.

இன்னொன்றும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். 8 மி.மீ. கிரிஸ்டல் என்றால் அது மணியின் குறுக்களவு. தட்டையான மணி என்றால் வயரில் சுமார் 6 மி.மீ. இடம்தான் பிடிக்கும். 16 அங்குல மாலைக்கு உருண்டை மணி 50 போதும், தட்டை மணி 65, 70 வேண்டும். இது தெரியாமல் எண்ணி வாங்கினால் பின் கழுத்தில் குறையும்.

சரி, வீட்டில் எப்படி வந்தது? கட்டில் மேல் பழைய துண்டை விரித்து (உருளாது) மணிகளைக் கொட்டி ஒரு மணி நேரத்தில் கோர்த்துவிட்டேன். கஷ்டம் எல்லாம் முனையில்தான். வயரை கியர் லாக்குக்குள் (நசுக்கினால் வயரைப் பிடித்துக்கொள்ளும் குட்டி உலோகக் குழாய்) விட்டு, கொக்கி வளையத்தில் மாட்டி, திரும்ப லாக் வழியாகவே இழுத்து, மிச்ச முனையை இரண்டு மூன்று மணிக்குள் செருகிவிட்டு நோஸ் பிளையரால் நசுக்க வேண்டும். ஆசையில் வயரை இறுக்கி இழுத்துவிடாதீர்கள். கொஞ்சம் தளர்வு வேண்டும், இல்லையென்றால் மாலை கழுத்தில் வளையாமல் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். முதல் தடவை எனக்கு அப்படி ஆகி, லாக்கை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட்டேன். அதனால் இருபுறமும் மூன்று அங்குலம் வயர் அதிகமாக விடுங்கள்.

குறைகளும் உண்டு. வாங்கியதை மாற்றித் தர மாட்டார்கள். டியூப் லைட்டில் மெரூனாகத் தெரிந்தது வெயிலில் பழுப்பாக இருந்தது, அதனால் சரத்தைத் தெருவுக்கு எடுத்து வந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். முத்து வேண்டுமென்றால் துளைப் பக்கம் பூச்சு உரிகிறதா என்று பாருங்கள், நான் எடுத்த ஒரு சரத்தில் உரிந்தது, சொன்னதும் அவரே எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அந்தப் பக்கம் பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும்.

நான்கு மாதமாக அந்த மாலையை வாரத்துக்கு இரண்டு நாளாவது போடுகிறேன், ஒரு மணிகூட நகரவில்லை. அடுத்த வாரம் அக்கா மகள் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். அவளுக்குப் பவள நிறத்தில் இரண்டு சரம் எடுத்து வைத்திருக்கிறேன்.