எஸ்.க்யூ.இ ஆன்லைன் கோர்ஸ்: காசு கொடுக்கலாம், ஆனால் வீடியோவுக்காக இல்லை

இங்கிலாந்தில் சொலிசிட்டர் (ஒரு வகை வக்கீல்) ஆவதற்கான எஸ்.க்யூ.இ (சொலிசிட்டர்ஸ் குவாலிஃபையிங் எக்ஸாமினேஷன்) தேர்வின் முதல் பகுதியை ஒரு ஆன்லைன் கோர்ஸ் எடுத்துப் படித்தேன், பாஸும் ஆகிவிட்டேன். அதனால் கோர்ஸ் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கொடுத்த காசில் பாதிக்குத்தான் பலன் இருந்தது. அது எந்தப் பாதி என்று தெரிந்தால் அடுத்து வாங்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய பெயரும் இல்லை, ஒற்றை ஆள் நடத்துவதும் இல்லை, நடுத்தரம். வேறு இடங்களில் சேர்ந்து படித்த நண்பர்களிடம் விசாரித்தால் அவர்களும் கிட்டத்தட்ட இதே குறைகளைத்தான் சொல்கிறார்கள்.

இந்தத் தேர்வு 2021 செப்டம்பரில் வந்தது, சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ கொண்டுவந்தது. சட்டம்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை, ஏதாவது ஒரு டிகிரி போதும். தேர்வின் இரண்டு பகுதிகள், இரண்டு வருட வேலை அனுபவம், அப்புறம் நடத்தைச் சரிபார்ப்பு. அனுபவத்தை நாலு இடம் வரை பிரித்துக் காட்டலாம், பாராலீகல் (வக்கீலுக்கு உதவியாளர்) வேலையும் கணக்கில் சேரும். இதனால்தான் லண்டனில் இமிக்ரேஷன் வக்கீல் ஆபீஸ்களில் வருடக்கணக்காக விசா ஃபைல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் சிலர் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள், நானும் அதில் ஒரு ஆள். இந்தியாவிலோ இலங்கையிலோ ஏற்கனவே வக்கீலாகத் தகுதி பெற்றவர்களுக்கு அந்த இரண்டு வருடமும் வேண்டாம். கொடுமை என்னவென்றால், நாள் முழுக்க நாங்கள் பார்க்கிற இமிக்ரேஷன் சட்டம் முதல் பகுதியின் பாடத்திட்டத்தில் இல்லவே இல்லை. நிலச் சட்டம், டிரஸ்ட், உயில், கம்பெனி, வரி, கிரிமினல் என்று எல்லாவற்றையும் அ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கோர்ஸே எடுக்காமலும் எழுதலாம். எந்தக் கோர்ஸுக்கும் எஸ்.ஆர்.ஏ அங்கீகாரம் என்று ஒன்று கொடுப்பதில்லை, கட்டாயப்படுத்துவதும் இல்லை. "அங்கீகரிக்கப்பட்ட" என்று விளம்பரத்தில் பார்த்தால் யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள்.

முதலில் வீடியோக்கள். மணிக்கணக்கில் இருக்கின்றன, வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் நமக்கும் திருப்தி வருகிறது. பார்க்க ஆரம்பித்தால் பாதிக்கு மேல் ஸ்லைடில் இருப்பதை ஒருவர் அப்படியே வாசிக்கிறார். டிரஸ்ட் பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டும் எனக்குத் தூக்கம் வந்தது. வேலை முடிந்து ரயிலில் வரும்போது பார்த்ததில் ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை, வீட்டுக்கு வந்து அதே பாடத்தின் நோட்ஸைப் படித்தால் பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரே விதிவிலக்கு சொலிசிட்டர்ஸ் அக்கவுண்ட்ஸ். அதை எடுத்த அம்மா கிளையன்ட் பணம் எது, ஆபீஸ் பணம் எது, வழக்குச் செலவுக்கு முன்பணம் வந்தால் அது எந்த அக்கவுண்டில் விழ வேண்டும், பில் போட்ட பிறகு எப்போது மாற்றலாம் என்று ஒவ்வொரு பதிவையும் கையாலேயே போட்டுக் காட்டினார். கணக்கு என்றாலே ஓடுகிற எனக்கு அந்தப் பாடத்தில் பயம் போனது அவரால்தான். கிளையன்ட் அக்கவுண்டை ஐந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒத்துப்பார்க்க வேண்டும் என்ற விதி எல்லாம் இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நோட்ஸ் பரவாயில்லை, ஆனால் பழசு. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார், மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வீட்டுச் சாமான் போன்றவை போக 5,00,000 பவுண்டு சொத்து. மனைவிக்கு எவ்வளவு? முதலில் ஒரு குறிப்பிட்ட தொகை, அது போக மீதியில் பாதி. அந்தத் தொகை 2023 ஜூலை 26இலிருந்து 3,22,000 பவுண்டு. ஆக மனைவிக்கு 4,11,000. ஆனால் எனக்கு வந்த நோட்ஸில் பழைய 2,70,000தான் இருந்தது, அதை வைத்துப் போட்டால் 3,85,000 வரும். வேடிக்கை என்னவென்றால் அதே நிறுவனத்தின் கேள்வி வங்கியில், அதாவது பயிற்சிக் கேள்விகளின் தொகுப்பில், சரியான தொகை இருந்தது! நோட்ஸைத் திருத்துகிறவரும் கேள்வி எழுதுகிறவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை போலிருக்கிறது. மெயில் போட்டேன், "அடுத்த பதிப்பில் சரிசெய்வோம்" என்று பதில் வந்தது. தேர்வுக்கு நாலு மாதம் முன்பு சட்டம் எப்படி இருந்ததோ அதைத்தான் கேட்பார்கள், அதனால் 2025 ஏப்ரலில் மாறிய முத்திரை வரி வரம்பு போன்றவற்றை நீங்களே அரசாங்கத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இந்த மாதிரிக் கேள்விகளில் பழைய தொகையை வைத்துப் போட்ட விடையும் தெரிவுகளில் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வராமல் அதைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

சரி, கேள்வி வங்கிக்கு வருவோம். காசு கொடுத்தது வீண் இல்லை என்று நான் சொல்வது இதற்காகத்தான். முதல் பகுதியில் இரண்டு தாள், தாளுக்கு 180 கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து தெரிவு. 90 கேள்விக்கு 2 மணி 33 நிமிடம், ஒரு இடைவேளை, மறுபடி 90. கேள்விக்கு 1 நிமிடம் 42 விநாடிதான் கிடைக்கும், அதில் கால் பக்கக் கதையைப் படித்து, கிளையன்ட் யார், என்ன கேட்கிறார் என்று பிடித்து, சரிபோலத் தெரிகிற மூன்று பதில்களில் மிகப் பொருத்தமான ஒன்றை எடுக்க வேண்டும். தப்புக்கு மார்க் குறைப்பது இல்லை, அதனால் ஒன்றையும் காலியாக விடக் கூடாது. சட்டம் தெரிந்திருந்தும் இந்த வேகத்தில் தடுமாறிப் போனவர்களை எனக்குத் தெரியும். தினமும் கேள்வி போட்டுப் போட்டுத்தான் இது கைக்கு வரும். என் கோர்ஸில் ஒவ்வொரு தெரிவும் ஏன் சரி, ஏன் தப்பு என்று தனித்தனியாக விளக்கம் இருந்தது, சரியான விடையின் விளக்கத்தைவிட மற்ற நாலின் விளக்கங்களில்தான் நான் அதிகம் கற்றேன். சிவில் வழக்கில் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்ய 14 நாள், உரிமைகோரல் கிடைத்ததை முதலிலேயே ஒப்புக்கொண்டு பதில் போட்டிருந்தால் 28 நாள் என்பது நோட்ஸில் ஒரு வரி. அதையே நாலு விதமாகச் சுற்றிக் கேட்டபோதுதான் மனதில் பதிந்தது. எஸ்.ஆர்.ஏ தளத்தில் இலவச மாதிரிக் கேள்விகள் இருக்கின்றன, அவற்றோடு ஒப்பிட்டால் என் கோர்ஸின் கேள்விகள் கொஞ்சம் நீளம், கொஞ்சம் குசும்பு. அதுவும் நல்லதற்குத்தான்.

ஸ்டடி பிளானர் என்று ஒன்று கொடுக்கிறார்கள், இத்தனை மணிக்கு இதைப் படி என்று தானாகவே அட்டவணை போடும். வேலைக்குப் போகாதவர்களை நினைத்துச் செய்தது. ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விட்டால் மறுநாள் எல்லாம் சிவப்பாகிவிடும், அதைத் திறக்கவே மனம் வராது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது, ஆனால் யாராவது பின்னால் நின்று துரத்தினால்தான் படிப்பேன் என்கிறவர்களுக்கு உதவலாம். "பாஸ் ஆகாவிட்டால் மறுபடி இலவசம்" என்ற உத்தரவாதமும் இந்தப் பிளானரோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் முடித்திருந்தால்தான் செல்லும். வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற யாரும் அந்த நிபந்தனையைத் தொட முடியாது. ட்யூட்டர் உதவி என்பது மெயில்தான், கேட்ட கேள்விக்கு நோட்ஸிலிருந்தே ஒரு பத்தியை ஒட்டி அனுப்புவார்கள்.

தேர்வுக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து முதல் பகுதிக்கு 1,934 பவுண்டு, இரண்டாவதற்கு 2,974. ஆறு வருடத்துக்குள் மூன்று வாய்ப்புதான். முதல் பகுதியில் 2024 ஜூலையில் எழுதியவர்களில் 44 சதவீதம், 2025 ஜனவரியில் 56 சதவீதம் பாஸ். இதைப் பார்த்துப் பயந்துபோய் இருப்பதிலேயே விலை கூடிய பேக்கேஜை எடுக்கத் தோன்றும், விற்பனைப் பிரிவு ஃபோன் பண்ணும்போது பேசுவதும் அந்தப் பயத்தை வைத்துத்தான். எடுக்க வேண்டாம். கேள்வி வங்கியும் முழு நீள மாக் டெஸ்டும் மட்டும் தனியாகத் தருகிறார்களா என்று கேளுங்கள், சிலர் தருகிறார்கள், விலை வெகுவாகக் குறைவு. அதோடு நடப்பு வருட நோட்ஸ் ஒரு செட் போதும். வாங்கும் முன் அந்த 3,22,000 இருக்கிறதா என்று உயில் பாடத்தின் மாதிரிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் பகுதிக்கு இதே நிறுவனத்திடம் போக மாட்டேன். அங்கே செய்து காட்ட வேண்டிய 16 பணிகள், 12 எழுத்து, 4 வாய்மொழி. கிளையன்டை நேரில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்க வேண்டும், நீதிபதி முன்னால் வாதாட வேண்டும். அதற்கும் இவர்கள் பதிவு செய்த வீடியோவைத்தான் விற்கிறார்கள். என்னைப் பேசவிட்டுக் குறுக்கே கேள்வி கேட்கிற ஒரு மனிதர் எனக்கு வேண்டும், அதனால் ஆபீஸில் சீனியர் சொலிசிட்டர் ஒருவரிடம் சனிக்கிழமை காலைகளைக் கேட்டு வாங்கியிருக்கிறேன், செலவு மதியச் சாப்பாடு மட்டும்தான்.