மரச்சிற்பம் என்று விற்கப்பட்ட வேலு நாச்சியார்: கொலு பொம்மை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இந்த ஆண்டு எங்கள் கொலுவில் சிவகங்கைச் சீமையை நிறுத்த ஆசைப்பட்டேன். வேலு நாச்சியார், குயிலி, பெரிய மருது, சின்ன மருது. நான்கும் ஓர் அடி உயரத்தில், மரத்தில் செதுக்கியவையாக வேண்டும். “ஜான்சி ராணிக்கு முன்பே நம் ஊர் ராணி ஒருவர் வெள்ளையரை எதிர்த்தாரா பாட்டி?” என்று பேத்தி கேட்ட நாளிலிருந்து மனத்தில் இருந்த ஆசை இது.

தென்சென்னையில் கைவினைப் பொருள் விற்கும் கடை ஒன்றில் ஆடி மாதமே சொல்லிவைத்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. “தம்மம்பட்டி சிற்பி கையால் செதுக்குகிறார் அம்மா, வாகை மரம், ஒட்டு கிடையாது” என்றார் கடைக்காரர். உளியும் கொட்டாப்புளியுமாக ஒருவர் வேலை செய்யும் வீடியோவையும் காட்டினார். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்பிவிட்டேன். விலை 32,000 ரூபாய், முன்பணம் 20,000. பாதி வேலையில் ஒரு படம் அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டேன். “சிற்பி ஊரில் சிக்னல் இல்லை அம்மா” என்பதே ஒவ்வொரு முறையும் பதில். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

கொலு வைக்க மூன்று நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. கொண்டுவந்த பையன் மீதிப் பணத்துக்காக வாசலிலேயே நின்றான். மேலாகப் பார்த்தேன், பழுப்பு நிறம், வார்னிஷ் மினுமினுப்பு, குறை தெரியவில்லை. கொடுத்து அனுப்பிவிட்டேன்.

என் பாட்டியின் செம்மர மரப்பாச்சி ஜோடியை ஐம்பது ஆண்டுகளாக என் கையால் உடுத்திவிடுகிறேன். மூக்கு மழுங்கி, முழங்கால் தேய்ந்து, ஆனாலும் கையில் எடுத்தால் கனக்கும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம் அது. வாகை அவ்வளவு கனக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மரம் எதுவானாலும் விரலால் தட்டினால் மரத்தின் ஓசை வர வேண்டும். இவற்றில் பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டிய ஓசை வந்தது.

மருது சகோதரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பெரிய மருதுவின் இடது காதுக்குக் கீழே கடுகு அளவில் ஒரு குழி. சின்ன மருதுவுக்கும் அதே இடத்தில், அதே அளவில், அதே குழி. கையால் செதுக்கும் சிற்பி ஒரே தவறை ஒரே இடத்தில் இரண்டு முறை செய்வதில்லை. ஒரே அச்சில் வார்த்து, ஒருவருக்கு மட்டும் மீசையைப் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். கையில் வளரி என்று சொல்லி வைத்திருந்தது ஒரு நேர்க்குச்சி. மருதிருவர் என்றதும் நினைவுக்கு வரும் அந்த வளைந்த ஆயுதத்தின் படத்தைக்கூட இவர்கள் பார்த்ததில்லை.

என்னை அழ வைத்தது வேலு நாச்சியார். மார்பின் குறுக்கே ஒரு துணி முடிச்சு. எதற்கு இந்த முடிச்சு என்று திருப்பிப் பார்த்தால், முதுகில் அரம் போட்டுத் தேய்த்து மேலே வண்ணம் பூசிய ஒரு திட்டு. அங்கே ஒரு குழந்தை இருந்திருக்கிறது. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வாள் ஏந்தும் ஜான்சி ராணியின் அச்சு அது! குழந்தையைத் தேய்த்து எடுத்தவர்கள் முடிச்சை மறந்துவிட்டார்கள். 1858-இல் போரில் மாண்டவரின் உருவத்தை எடுத்து, 1780-இல் சிவகங்கையை மீட்டவர் என்று என் பேத்தியிடம் காட்டச் சொல்கிறார்கள்.

பீடத்தின் அடியில் பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. உரித்தேன். மரமாக இருந்தால் ரேகை தெரியும், வெட்டிய தடம் தெரியும். தோசை மாவு பொங்கியதுபோலக் குமிழ்த் துளைகள்தாம் தெரிந்தன. என் மகன் ஊசியைச் சூடாக்கி அங்கே குத்தினான். உருகிய பிளாஸ்டிக் நெடி அடித்தது. மரத்தூள் கலந்து அச்சில் வார்த்த ரெசின் என்னும் செயற்கைப் பிசின்.

கடைக்குப் போனேன். “பில்லில் மரம் என்று எங்கே இருக்கிறது மேடம்?” என்றார் அதே மனிதர். அன்றுவரை நான் அவருக்கு அம்மா. சீட்டைப் பிரித்துப் பார்த்தேன்: “கொலு பொம்மை செட் – 1.” கீழே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.” அதுவும் பில் அல்ல, எஸ்டிமேட்.

இப்படிச் சீட்டில் அச்சடித்துவிட்டால் சட்டம் வாயை மூடிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராததும் முறையற்ற வணிகம்தான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போகலாம். “மரம்தான் அம்மா” என்று அவர் அனுப்பிய குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ரெசின் பொம்மையை ரெசின் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 3,000 ரூபாய்க்கு வாங்குபவர்கள் வாங்கட்டும். மரத்தை உலர்த்தி, உருவம் கீறி, நாள்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செதுக்குபவரின் ஊர்ப் பெயரைத் திருடி, அவருக்குப் போக வேண்டிய கூலியை இவர் வாங்கிக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மரச்சிற்பத்துக்குச் சொல்லிவைப்பவர்கள் எந்த மரம், என்ன உயரம், கைவேலையா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வண்ணம் பூசுவதற்கு முன் ஒரு முறை நேரில் பார்க்கக் கேளுங்கள். பீடத்தில் துணி ஒட்டியிருந்தால் பணம் கொடுக்கும் முன் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். இதே கடையில் இந்த ஆண்டு என்னைப்போல் இன்னும் சிலராவது வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டு வேலு நாச்சியாரின் மார்பில் துணி முடிச்சு இருந்தால், முதுகைத் திருப்பிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915-ஐ அழையுங்கள்.