படித்துறையா, உயர்ந்த நடைபாதையா?

நகருக்குள் ஓடும் ஓர் ஆற்றின் கரையைப் பொதுவெளியாக மாற்றும் ஆலோசனைக் குழுவில் நான் இருந்தபோது, எங்கள் முன் இரண்டு வரைபடங்கள் வைக்கப்பட்டன. ஒன்று, நீர்வரை இறங்கும் அகன்ற படித்துறை. மற்றொன்று, வெள்ளமட்டத்துக்கு மேலே மரங்களும் கூரையிட்ட இருக்கைகளும் கொண்ட நடைபாதை. நான் இரண்டாவதற்கு வாக்களித்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

அழகில் படித்துறையே வெல்லும், அதில் வாதமில்லை. முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். வெள்ளம் வடியும்போது படிகளில் தங்கும் வண்டலை ஈரம் காய்வதற்குள் நீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். காய்ந்து இறுகிவிட்டால் மண்வெட்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நீரோ ஒரே நாளில் வடிவதில்லை என்பதால், அது விலகிச் செல்லும் ஒவ்வொரு படியையும் பின்தொடர்ந்து கழுவிக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பிறகு பாசி. நீர் ஏறி இறங்கும் எல்லையில் உள்ள நாலைந்து படிகளில்தான் அது அதிகம் படரும். மக்கள் உட்கார விரும்புவதும் அதே படிகளில்தான். ஆள் போதாத ஆண்டில் நிர்வாகத்துக்கு எளிய வழி, தடுப்பு வைத்து மூடிவிடுவது.

2018 ஜனவரியில் சேன் ஆறு பெருகியபோது பாரிஸின் தாழ்வான கரைநடைகள் நீரில் மூழ்கின. 2020 மே மாத மழையில் சிகாகோவின் ஆற்றோர நடைபாதைக்கும் அதே கதிதான். ஹாம்பர்க்கின் ஹாஃபென்சிட்டி பகுதியிலோ கட்டடங்களையும் சாலைகளையும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, கீழ்நடையை மட்டும் வெள்ளத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். நீர் வந்தாலும் மேலே நடமாட்டம் நிற்பதில்லை.

உயர்ந்த நடைபாதைக்கும் குறைகள் உண்டு. கெட்டியான கைப்பிடிச் சுவர் எழுப்பினால் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் ஆறே தெரியாது. ஆகவே மெல்லிய கம்பி வேலியை வற்புறுத்தினோம். உயரத்தில் காற்றும் கடுமை என்பதால், குளிர்காலக் காற்று வரும் பக்கம் முதுகு இருக்கும்படி இருக்கைகளை அமைத்து, இலையுதிர் மரங்களைத் தேர்ந்தோம். கோடையில் நிழல் தரும் அவை குளிரில் வெயிலை மறைப்பதில்லை.

எங்கள் நடைபாதை இதுவரை இரண்டு வெள்ளங்களையே கண்டிருக்கிறது. மரங்கள் இன்னும் தோளுயரம்தான் என்பதால் இப்போதைக்கு நிழலெல்லாம் கூரையின் உபயம். அலையும் உப்புக்காற்றும் உள்ள கடலோரத்துக்கு இதே கணக்கு பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நீரைத் தொட விரும்புவோருக்காக ஒரே ஓரிடத்தில் குறுகிய படித்துறை விட்டிருக்கிறோம். அதைக் கழுவ இரண்டு பேர் போதும்.